பச்சைக் கல் நகை: வாங்குவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகைக்குப் பச்சைக் கல் தேடுபவர்கள் பெரும்பாலும் நிறத்தில் தொடங்கி நிறத்திலேயே முடித்துவிடுகிறார்கள். அந்த நகையை உடலில் எங்கே அணியப்போகிறோம், அங்கே அடிபடுவதைக் கல் தாங்குமா, கல்லுக்கு ஏற்கெனவே என்ன செய்திருக்கிறார்கள் என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகு நிறத்துக்கு வருவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

பச்சையாக, தெளிவாக இருக்கும் கல் எல்லாம் மரகதம்தானா?

இல்லை. மரகதம் பெரில் என்ற கனிமத்தின் ஒரு வகை. குரோமியமோ வனேடியமோ மிகச் சிறிதளவு கலந்திருப்பதால் அதற்கு அந்த ஆழ்ந்த பச்சை கிடைக்கிறது. அதே பெரிலில் இரும்பு மட்டும் கலந்து வெளிர்ந்த பச்சையாக இருந்தால் அதைப் பச்சைப் பெரில் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிடாட், சாவரைட், டெமன்டாய்ட், டர்மலைன், ஜேட் ஆகியவை முற்றிலும் வேறு கனிமங்கள். நவரத்தினங்களை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கும்: தேன் நிறக் கோமேதகமும் பச்சைச் சாவரைட்டும் கிராசுலர் கார்னெட் என்ற ஒரே கனிமம்தான்.

கண்ணால் மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது பழைய பழக்கம். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளின் பேழையில் பதித்திருக்கும் பெரிய பச்சைக் கற்களை நூற்றாண்டுக் கணக்கில் மரகதம் என்றே நம்பி வந்தார்கள். அவை பெரிடாட் என்பது மிகவும் பிற்பாடுதான் தெரிந்தது.

எந்தக் கல் வாங்கலாம் என்பதை எங்கிருந்து யோசிக்கத் தொடங்குவது?

நகையிலிருந்து. தோடும் பதக்கமும் எதிலும் மோதாமல் தொங்குபவை. அவற்றில் மென்மையான கல்லும் பல ஆண்டுகள் அழகாக இருக்கும். மோதிரம் அப்படி இல்லை. கதவுப் பிடி, மேசை விளிம்பு, பாத்திரம், சுவர் என்று ஒரு நாளில் எத்தனை இடத்தில் கை படுகிறது என்று நாம் கவனிப்பதே இல்லை. கைச்சங்கிலியும் மோதிரத்துக்கு அடுத்தபடியாக அடிபடும். எனவே ஒரே கல்லைத் தோட்டுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். தினசரி மோதிரத்துக்கு வேண்டாம் என்பேன்.

கடினத்தன்மை 7.5 என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

அது மோ அளவுகோலின் எண். எந்தப் பொருள் எதைக் கீறும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. 1 என்பது மிக மென்மையானது, 10 என்பது வைரம். இதில் நகை வாங்குபவர் மனத்தில் வைக்க வேண்டிய எல்லைக்கோடு 7. ஏனென்றால் வீட்டுத் தூசியில் மணல் துகள் உண்டு. மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதன் கடினத்தன்மை 7. எண் 7-க்குக் கீழே இருக்கும் கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால்கூட அந்தத் தூசியே அதைக் கீறிவிடும். சில ஆண்டுகளில் பட்டைகளின் விளிம்பு மழுங்கி, கல் பொலிவிழந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் கீறல் விழாத கல் உடையாது என்று பொருளில்லை. வைரத்தைக்கூட ஒரு குறிப்பிட்ட திசையில் அடித்தால் பிளந்துவிடும். ஜேட் இதற்கு நேர்மாறு. அதன் கடினத்தன்மை 6 முதல் 7 வரைதான். ஆனால் உள்ளே நுண்ணிய படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அதை உடைப்பது மிகக் கடினம். முழு வளையலையே ஜேட்டில் செதுக்கி அணிய முடிவது அதனால்தான். மரகதத்தின் கடினத்தன்மை 7.5 முதல் 8 வரை. எண்ணைப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே வெடிப்புகள் நிறைந்திருப்பதால் ஓர் அடியில் மூலை தெறித்துவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கல்லின் உண்மையான தாங்குதிறன் விளங்கும்.

அப்படியானால் தினமும் போடும் மோதிரத்துக்கு எந்தப் பச்சைக் கல் நல்லது?

என் முதல் பரிந்துரை, நீலக்கல்லின் இனத்தைச் சேர்ந்த பச்சைச் சஃபையர். கடினத்தன்மை 9. இரும்பால் வரும் நிறம் என்பதால் மரகதம்போல் ஒளிராது. சற்று அடங்கிய, பாசி கலந்த பச்சையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ இருக்கும். அந்த அடக்கமே பலருக்குப் பிடிக்கிறது. மரகதத்தை ஒத்த துடிப்பான பச்சைதான் வேண்டும் என்றால் சாவரைட். அதன் கடினத்தன்மை 7 முதல் 7.5 வரை. மரகதத்தைவிட எண் குறைவு என்றாலும் பெரும்பாலும் வெடிப்பில்லாமல் கிடைப்பதால் நடைமுறையில் பயம் குறைவு. கிரிசோபெரிலும் நல்ல தேர்வு, கடினத்தன்மை 8.5. வைடூரியத்தின் கனிமம் அது. அதன் அரிய வகையான அலெக்சாண்ட்ரைட் பகல் ஒளியில் பச்சையாகவும் குண்டு பல்பின் ஒளியில் சிவப்பாகவும் தெரியும். முதன்முதலில் 1830-களில் ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியில் கண்டெடுத்தார்கள். நல்ல நிறமாற்றம் உள்ள கல் மிக அரிது. அந்தப் பெயரில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் நிறம் மாறும் செயற்கைச் சஃபையர்.

மரகத மோதிரம்தான் வேண்டும் என்று மனம் வைத்திருந்தால் வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். கல்லைச் சுற்றி உலோகம் முழுவதுமாக அணைத்துப் பிடிக்கும் கட்டாகக் கேளுங்கள். வேலை செய்யும்போது கழற்றி வையுங்கள்.

மரகதத்தின் உள்ளே கோடும் மேகமும் தெரிகின்றன. அது குறையுள்ள கல்லா?

மரகதத்துக்கு அது இயல்பு. பூமிக்குள் நெருக்கடியான சூழலில் வளர்ந்த படிகம் என்பதால் திரவக் குமிழி, வேறு கனிமத் துகள், ஆறிய வெடிப்பு எல்லாம் உள்ளே சிக்கியிருக்கும். கொலம்பிய மரகதத்தில் ஒரே சிறு குழிக்குள் திரவமும் வாயுக் குமிழியும் உப்புப் படிகமும் சேர்ந்து இருப்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். செயற்கையான கல்லிலிருந்து இயற்கையானதைப் பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு இவை பெரிய துணை.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. உள்ளிருந்து மேற்பரப்பு வரை வந்து முட்டும் வெடிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது கல்லின் நடுவில் மேசைபோன்ற பெரிய பட்டையைக் கடந்தாலோ மூலையில் இருந்தாலோ அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். ஓரத்தில் மெல்லிய கீற்றாக இருந்து, நீரோட்டத்தைக் கெடுக்காமல் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு குறைகூட இல்லாத பெரிய மரகதம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அங்கே சந்தேகம் வரவேண்டும்.

எண்ணெய் ஊட்டிய மரகதம் என்கிறார்களே, அது ஏமாற்று வேலையா?

மறைத்து விற்றால் ஏமாற்று. சொல்லி விற்றால் இல்லை. இன்று சந்தைக்கு வரும் மரகதங்களில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் வெடிப்பு நிரப்பப்பட்டவை. வெடிப்புக்குள் காற்று இருந்தால் ஒளி அங்கே சிதறி வெள்ளைக் கோடாகத் தெரியும். காற்றுக்குப் பதிலாக, மரகதத்தைப் போலவே ஒளியை வளைக்கும் ஒரு பொருளை நிரப்பினால் கோடு கண்ணுக்கு மறைந்துவிடும். செடார் மர எண்ணெயைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பிற்காலத்தில் பிசின் போன்ற செயற்கை ரெசின்களும் வந்தன.

எண்ணெய் காலப்போக்கில் வறளலாம். அப்போது மறைந்திருந்த கோடுகள் மெல்ல வெளியே தெரியும். திறமையான ஒருவர் பழைய எண்ணெயை நீக்கிவிட்டுப் புதிதாக ஊட்ட முடியும். இறுகிப்போகும் ரெசினை நீக்குவது அவ்வளவு எளிதில்லை. சில ரெசின்கள் நாளடைவில் மஞ்சளிக்கவும் செய்யும். அதனால் நிறமற்ற எண்ணெய் நிரப்பியதை ரெசின் நிரப்பியதைவிட மேலாக மதிக்கிறேன். பச்சைச் சாயம் கலந்த எண்ணெயை மட்டும் எந்த நிலையிலும் ஏற்க வேண்டாம். அது வெடிப்பை மறைப்பதோடு நிற்காமல் இல்லாத நிறத்தையும் இருப்பதாகக் காட்டுகிறது.

வாங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எதை நிரப்பியிருக்கிறார்கள், எந்த அளவுக்கு? ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற ஆய்வகங்கள் நிரப்பலின் அளவைச் சிறிது, மிதம், கணிசம் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து எழுதுகின்றன. நிறமும் எடையும் ஒன்றாக இருக்கும் இரண்டு மரகதங்களின் விலை பெரிய அளவில் வேறுபட இந்த ஒரு வரியே போதும்.

கொலம்பிய மரகதம்தான் உயர்ந்ததா? ஜாம்பியா கல் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். கொலம்பியாவின் முசோ, சிவோர் சுரங்கங்களின் புகழ் பல நூற்றாண்டுப் பழமையானது. அந்தக் கற்களில் இரும்பு குறைவு என்பதால் பச்சை வெதுவெதுப்பாக ஒளிரும். ஜாம்பியக் கற்களில் இரும்பு கூடுதல். பச்சையில் நீலச் சாயல் இருக்கும், பல கற்கள் கொலம்பியக் கற்களைவிடத் தெளிவாகவும் இருக்கும். பிரேசில், எத்தியோப்பியா, ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷிர், பாகிஸ்தானின் ஸ்வாட் ஆகிய இடங்களிலிருந்தும் நல்ல மரகதம் வருகிறது. கொலம்பியாவிலும் மங்கிய கல் நிறைய உண்டு. ஊர்ப் பெயருக்குக் கூடுதல் பணம் கேட்டால் அதை ஆய்வகச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்குப் பணம் தரத் தேவையில்லை.

சாவரைட் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டதே இல்லையே, ஏன்?

மிகவும் புதிய கல் என்பதால்தான். புவியியலாளர் கேம்பல் பிரிட்ஜஸ் 1967-இல் டான்சானியாவில் இதைக் கண்டெடுத்தார். பின்னர் கென்யாவிலும் கண்டுபிடித்தார். கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவின் பெயரைத் தழுவி 1974-இல் டிஃபனி நிறுவனம் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

எனக்கு மிகவும் பிடித்த பச்சைக் கல் இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. நிறம் மரகதத்தோடு போட்டி போடும். ஒளியை மரகதத்தைவிட வலுவாக வளைப்பதால் கூடுதலாக மின்னும். சூடேற்றுவதோ எண்ணெய் ஊட்டுவதோ வழக்கத்தில் இல்லை. மண்ணிலிருந்து வந்ததைப் பட்டை தீட்டி அப்படியே அணியலாம். ஒரே ஒரு தடை அளவு. 2 கேரட்டுக்கு மேல் நல்ல கல் கிடைப்பது அரிது. சிறிய தோடு, மெல்லிய மோதிரம் என்றால் அது தடையே இல்லை.

பெரிடாட் விலை குறைவாக இருக்கிறது. தரக் குறைவான கல்லா?

இல்லவே இல்லை. ஆலிவின் என்ற கனிமத்தின் தெளிவான வடிவம் அது. பூமியின் மேலோட்டுக்கு அடியிலிருந்து எரிமலைக் குழம்போடு மேலே வருகிறது; சில விண்கற்களுக்குள்ளும் இருக்கிறது. பெரும்பாலான பிற கற்களில் கலப்படமாக வந்த சிறு தனிமம் நிறம் தருகிறது. பெரிடாட்டில் அதன் கட்டமைப்பிலேயே உள்ள இரும்புதான் நிறம் தருகிறது. அதனால் எப்போதும் பச்சைதான்: மஞ்சள் கலந்த கிளிப்பச்சையிலிருந்து ஆழ்ந்த இலைப்பச்சை வரை. செங்கடலில் உள்ள எகிப்தின் சபர்கத் தீவு இதன் பழம்பெரும் ஊற்று. இன்று அமெரிக்காவின் அரிசோனா, பாகிஸ்தான், மியான்மர், சீனா ஆகிய இடங்களிலிருந்து வருகிறது.

கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. திடீர்ச் சூடும் அமிலமும் ஆகாது. தோடு, பதக்கம், நெக்லஸுக்கு இதைவிட மகிழ்ச்சியான பச்சை கிடையாது என்பேன். பழுப்புச் சாயல் உள்ள கல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

டெமன்டாய்ட் எப்படி?

கார்னெட் இனத்தில் மிகவும் ஒளிச்சிதறல் கொண்டது. வெள்ளொளியை வண்ணங்களாகப் பிரிக்கும் திறனில் வைரத்தையே மிஞ்சும். 19-ஆம் நூற்றாண்டில் யூரல் மலையில் கிடைத்தது. பிறகு நமீபியாவிலும் மடகாஸ்கரிலும். ரஷ்யக் கற்களின் உள்ளே குதிரை வால்போல் விரியும் நுண்ணிழைகள் தெரிந்தால் அதற்காகவே மதிப்புக் கூடும். கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை என்பதால் மோதிரத்தில் வைத்து உரசவிடாதீர்கள்.

பச்சை டர்மலைன் சில சமயம் கறுப்பாகத் தெரிவது ஏன்?

டர்மலைன் படிகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நிறம், நெடுவாக்கில் பார்த்தால் இன்னொரு நிறம். நெடுவாக்கில் ஒளியைப் பெரிதும் விழுங்கிவிடும். பட்டை தீட்டியவர் இதைக் கவனிக்காவிட்டால் நீளமான கல்லின் இரு முனைகளும் இருண்டு போகும். கல்லைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பாருங்கள். முனைகளும் திறந்து ஒளிவிட்டால் நல்ல வேலைப்பாடு. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குரோம் டர்மலைன் என்ற பெயரில் வருவது மரகதத்துக்கு நெருங்கிய ஆழ்ந்த பச்சை.

ஜேட்டில் ஏ, பி, சி என்று வகை சொல்கிறார்களே?

முதலில், ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு கனிமங்கள் இருக்கின்றன: ஜேடைட், நெஃப்ரைட். பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி தமூர் 1863-இல் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். உயர்ந்த பளிச்சென்ற பச்சை ஜேடைட்டில்தான் கிடைக்கும். அதன் முதன்மையான ஊற்று மியான்மர். நெஃப்ரைட் அடர்ந்த பாசிப்பச்சை, அதைவிடவும் உடையாதது.

ஏ, பி, சி என்பவை ஜேடைட்டுக்குச் செய்ததைச் சொல்லும் குறிகள்; தர வரிசை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஏ என்றால் மெழுகுப் பூச்சைத் தவிர வேறொன்றும் செய்யாதது. பி என்றால் அமிலத்தில் ஊறவைத்துக் கறையை நீக்கி, உள்ளே பாலிமர் நிரப்பியது. சி என்றால் சாயம் ஏற்றியது. அமிலம் ஜேடைட்டின் பின்னலையே தளர்த்திவிடுவதால் பி வகை நாளடைவில் மங்கும், எளிதாக உடையும். வெறும் கண்ணால் ஏ, பி இரண்டையும் பிரிப்பது நிபுணருக்கும் கடினம். அகச்சிவப்புக் கதிர் ஆய்வு வேண்டும். விலையுயர்ந்த ஜேடைட்டை அந்த ஆய்வில்லாமல் வாங்காதீர்கள்.

கல்லின் நிறத்தை எப்படிச் சரியாகப் பார்ப்பது?

நகைக்கடையின் ஒளியில் முடிவெடுக்க வேண்டாம். அந்த விளக்குகள் கற்களை அழகாகக் காட்டுவதற்கென்றே பொருத்தப்பட்டவை. கல்லைச் சன்னலோரம் கொண்டுபோய், நேரடி வெயில் படாத பகல் ஒளியில் பாருங்கள். பிறகு மஞ்சள் விளக்கில் பாருங்கள். அதன்பின் கையை நீட்டி, நகையை அணிந்தால் மற்றவர் பார்க்கும் தொலைவில் வைத்துப் பாருங்கள். நெருக்கத்தில் அழகாகத் தெரிந்த கரும்பச்சை, ஓரடி தள்ளினால் கறுப்பாகிவிடுவதைப் பல கற்களில் காணலாம். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு உயர்வு என்பது தவறான எண்ணம். ஆழத்தோடு துடிப்பும் வேண்டும்.

கல்லை வெள்ளைத் தாளின்மேல் வைத்து நேர் மேலிருந்து பாருங்கள். நடுவில் நிறமே இல்லாமல் தாள் அப்படியே தெரிந்தால் கல்லைத் தட்டையாகப் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எவ்வளவு நல்ல கனிமமாக இருந்தாலும் அந்தக் கல் உயிரற்றுக் கிடக்கும். தோட்டுக்கு ஜோடி வாங்கும்போது இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே திசையில் திருப்பி, ஒரே ஒளியில் ஒப்பிடுங்கள்.

மரகதம், சாவரைட் இரண்டும் 1 கேரட்தான், ஆனால் மரகதம் பெரிதாகத் தெரிகிறதே?

கேரட் எடையின் அளவு. 1 கேரட் 0.2 கிராம். மரகதத்தின் அடர்த்தி ஏறத்தாழ 2.7, சாவரைட்டின் அடர்த்தி 3.6. ஒரே எடையில் அடர்த்தி குறைந்த கல் பெரிதாக இருக்கும். மில்லிமீட்டர் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த மரகதம் வாங்கலாமா?

வேதியியல்படி அதுவும் மரகதமே. அமெரிக்காவின் கேரல் சாதம் 1930-களிலேயே இதில் வெற்றி கண்டார். நிறமும் தெளிவும் மிக நன்றாக இருக்கும். அழகுக்காக மட்டும் அணிபவருக்கு நியாயமான தேர்வு. இயற்கைக் கல்லின் விலையைக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வருவதுதான் இழப்பு.

போலியை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஓரளவு உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடியாக இருக்கலாம். பெரிடாட்டை மேலிருந்து பார்த்தால் அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். கண்ணாடியில் அப்படித் தெரியாது. ஒட்டுக்கல் (துண்டுகளை ஒட்டி ஒரே கல்போல் ஆக்கியது) என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். மேலும் கீழும் நிறமின்றி, நடுவில் மட்டும் ஒரு பச்சைப் படலம் தெரிந்தால் அது ஒட்டுக்கல்தான். சாயம் ஏற்றிய குவார்ட்ஸில் வெடிப்புக் கோடுகளில் மட்டும் நிறம் தேங்கி நிற்கும்.

கீறிப் பார்க்கும் சோதனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நல்ல கல்லும் பாழாகும். செல்சீ வடிகட்டி என்ற கருவி வழியே சிவப்பாகத் தெரிந்தால் மரகதம் என்பார்கள். செயற்கை மரகதமும் அதில் சிவப்பாகத்தான் தெரியும். இரும்பு மிகுந்த இயற்கை மரகதம் சிவக்காமலும் போகும்.

வெயிலில் நிறம் போகும் பச்சைக் கற்கள் உண்டா?

உண்டு. பச்சை அமெதிஸ்ட் என்று விற்கப்படும் பிராசியோலைட், ஊதா அமெதிஸ்டைச் சூடேற்றிப் பெற்ற நிறம். தொடர்ந்து வெயில் பட்டால் வெளிறலாம். நிக்கலால் பச்சையான கிரைசோப்ரேசும் நீண்ட வெயிலிலும் சூட்டிலும் மங்கலாம். சன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் இவற்றை வைக்காதீர்கள்.

எந்த உலோகம், எந்த வகைக் கட்டு பொருந்தும்?

மஞ்சள் தங்கம் பெரிடாட்டின் வெதுவெதுப்பைக் கூட்டும். நீலச் சாயல் உள்ள மரகதத்துக்கும் அது நல்ல துணை. பிளாட்டினமும் வெள்ளைத் தங்கமும் சாவரைட்டையும் டர்மலைனையும் குளிர்ச்சியாகக் காட்டும். பின்புறம் மூடிய கட்டில் கல் இருந்தால் உள்ளே வண்ணத் தகடு வைத்து நிறத்தைக் கூட்டியிருக்கலாம். விலையுயர்ந்த கல் என்றால் பின்புறம் திறந்த கட்டில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மரகத நகையில் பிற்பாடு பற்றவைக்கும் வேலை வந்தால் கல்லைக் கழற்றிய பிறகே நெருப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

எப்படிக் கழுவுவது?

சாவரைட், சஃபையர், டர்மலைன் ஆகியவற்றுக்கு வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மெல்லிய தூரிகை போதும். மரகதத்தை அதே நீரில் விரைவாகக் கழுவி எடுத்துவிடுங்கள், ஊறவைக்க வேண்டாம். அல்ட்ராசோனிக் எந்திரத்திலும் நீராவியிலும் மரகதத்தை வைக்கவே கூடாது. நிரப்பிய எண்ணெய் வெளியேறும், வெடிப்பும் பெருகலாம். மாலகைட் கடினத்தன்மை 3.5 முதல் 4 வரை மட்டுமே உள்ள தாமிரக் கார்பனேட். எலுமிச்சைச் சாறுகூட அதை அரித்துவிடும் என்பதால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். எல்லாவற்றையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள். ஒரே பெட்டியில் போட்டால் வைரமும் சஃபையரும் பக்கத்தில் கிடக்கும் பெரிடாட்டைக் கீறிவிடும்.